மைனாவுக்குத் தொந்தரவு

தம்பி ஏணியின் மேல்படியில் நின்று ஷட்டர் பெட்டிக்குள் கையை விட்டான்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி. நான் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

கட்டில் கிடப்பது கார் ஷெட்டில். ஒரு பக்கம் பழைய டயர், பெயின்ட் டப்பா, குழந்தைகள் ஓட்டி முடித்த சைக்கிள். இன்னொரு பக்கம் நான். புருஷனோடு வாழ முடியாமல் வந்து நின்றவளுக்கு வீட்டுக்குள் இடமில்லை என்று தம்பி சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி சொன்னாள். அவன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே போட்டான், அவ்வளவுதான்.

எத்தனை நாளைக்கு என்று அவள் முதல் நாளே கேட்டுவிட்டாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

பிறகு தம்பி புதுக் காருக்குப் பணம் கட்டினான். கார் வந்தால் ஷெட் காருக்கு. எனக்கு ஊர்க்கோடியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பார்த்து வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களோடு வரிசையாகப் படுத்துக்கொள்ள வேண்டும். இந்த வயதில்.

கார் வருவதற்குள் மைனா வந்துவிட்டது.

ஷட்டர் சுருண்டு ஏறுகிற பெட்டிக்குள் இரண்டு மைனாக்கள் கூடு கட்டின. ஷட்டரை முழுக்க ஏற்றினால் சுருள் பருத்துக் கூட்டை நசுக்கிவிடும். அதனால் ஷட்டர் பாதியிலேயே நின்றது. ஆள் குனிந்து உள்ளே வரலாம். கார் குனியாது. அது தெருவில் வெயில் காய்ந்தது.

குஞ்சு பறக்கிற வரைக்கும் யாரும் ஷட்டரில் கை வைக்கக் கூடாது என்று தம்பி பெண்டாட்டியே உத்தரவு போட்டாள். வாயில்லா ஜீவன் என்றால் அவளுக்கு உயிர். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று படம் எடுத்து ஆபீஸ் முழுக்க அனுப்பினாள். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். அதுகளிடம் எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.

எனக்கு மைனாவைப் பிடிக்கவே பிடிக்காது. விடியும் முன்பே கத்தும். தலையணையில் எச்சம் போடும். உறையைத் துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் அதுகளுக்காக நான் கும்பிடாத தெய்வம் இல்லை. குஞ்சு பறந்தால் நானும் கிளம்ப வேண்டியதுதானே.

போன வாரம் பறந்துவிட்டன.

பல் தேய்த்துவிட்டு வருகிறேன், குஞ்சு இரண்டும் ஷட்டர் விளிம்பில் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தன. அடுத்த நிமிஷம் எதிர்வீட்டு மதில். அதற்கடுத்த நிமிஷம் அங்கேயும் இல்லை. நன்றி கெட்டதுகள்.

நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தினமும் காய்ந்த புல்லைக் கொஞ்சம் தரையில் உதிர்த்துவைத்தேன். சுத்தமாக இருந்த தலையணை உறையை, அவள் கண்ணில் படும்படி, மறுபடி துவைத்துக் காயப்போட்டேன். சத்தத்தையே காணோமே என்று அவள் கேட்டபோதெல்லாம் தாய் இரை தேடப் போயிருக்கும் என்றேன். அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. இன்று ஏணி வந்துவிட்டது.

தம்பியின் கை உள்ளே துழாவியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். புல் இரண்டு கீழே விழுந்தது. பிறகு கை நின்றது.

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

நான் பார்வையை விலக்கவில்லை. விலக்கி என்ன ஆகப் போகிறது, என் குட்டு அவன் கையில் இருந்தது.

"இருக்கு. ரெண்டு குஞ்சு. இன்னும் இறக்கை சரியா முளைக்கல" என்றான் பெண்டாட்டியிடம்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று யாராவது சொன்னால் இத்தனை நாளும் சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஏணியை விடாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதுதான் கொடுமை.

"அய்யோ பாவம், அப்ப அண்ணி இங்க இருக்கிறதுனாலதான் தாய் மைனா பயந்துக்கிட்டு வரல. ராத்திரியெல்லாம் லைட்டு, ஃபேன், இருமல். இன்னைக்கே அந்த ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். அக்கா எங்கேயும் போகாது என்று ஒரு வார்த்தை. அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல வந்த வாய், அதற்கு வரவில்லை.

அவன் மெதுவாக இறங்கினான். கைத் தூசியைப் பேன்டில் துடைத்தான். கடைசிப் படிக்கு வருவதற்குள் அவன் முகம் தெளிந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். காருக்காகக் கூடப்பிறந்தவளைத் துரத்தினான் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. குஞ்சுக்காக அல்லவா. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அவனுக்குக் கிடைத்துவிட்டது.

புதுக் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாவி எடுக்க உள்ளே போனான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்தேன். சக்கரம் சிமெண்டுத் தரையில் கரகரத்தது.

தம்பி பெண்டாட்டி உதட்டில் விரலை வைத்து, மேலே கண்ணைக் காட்டினாள்.

அது காலிக் கூடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தம்பி அவள் முன்னால் பொய்யனாக நிற்பான்.

சூட்கேஸை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் நடந்தேன்.