வைத்தியர் வேஷம்

பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷத்தில் குகைக்குள் போய் அரக்கனைக் கொல்லும் மேசை விளையாட்டு அது. தாடிக்காரர் கதையை நடத்தினார். தொப்பைக்காரர் கூச்சமே இல்லாமல் வாள்வீரனை எடுத்துக்கொண்டார். தாமதமாக வந்த கண்ணாடிக்காரருக்கு வைத்தியர் வேஷத்தை நீட்டினார்கள்.

"அது வேண்டாம். நான் மந்திரவாதியா வர்றேன்."

"வைத்தியர் இல்லாம உள்ள போனா பொழைக்க மாட்டீங்க," என்றார் தாடிக்காரர்.

"பொழைச்சா வீரனுக்குப் பேரு, செத்தா வைத்தியன் தலையில விடியும். அந்தப் பொழப்பு எனக்கெதுக்கு? இவர் பார்க்கட்டுமே."

"என்னை விட்ருப்பா," என்றார் தொப்பைக்காரர்.

குகை வாசலிலேயே அம்பு உரசி இருவருக்கும் சின்னக் கீறல். கட்டுப் போட ஆளில்லாமல், அரக்கனின் முகத்தைக்கூடப் பார்க்காமல், மாவீரர்கள் இருவரும் சீழ் பிடித்துச் செத்தார்கள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், அவசரப் பிரிவுல ஒருத்தர் வயித்து வலியில துடிக்கிறாரு. மூணு பேரு டூட்டியில இருக்கீங்க, யாராவது ஒருத்தர் வாங்களேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கண்ணாடிக்காரர் பகடையைக் கையில் எடுத்தார்.

"உருட்டுவோம். யாருக்குக் கம்மியா விழுதோ, அவர் போகட்டும்."