இடது கன்னம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

டி.வி. தொடர் எடுக்கிற இடம் அது. அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, வேஷத்தின் பேர்தான். இவள் மருமகள். அன்று காலை மேக்கப் அறைக்கு வந்து, முகத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்தாள். மேக்கப்காரர் கையிலிருந்த பவுடர் பஞ்சு நழுவிக் கீழே விழுந்தது.

"அய்யய்யோ! என்னம்மா இது, கன்னத்துக்குள்ள பந்தை ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"ஞானப்பல்... எடுத்துட்டேன்." வாய் பாதிதான் திறந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கன்னம் ஒட்டிப் போயிடும், முக வெட்டே மாறிடும்னு!"

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவள் மாசக்கணக்கில் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். கடிக்கவும் முடியாத பல் அது. கூட்டத்தில் ஒருத்தியாய் நின்று நின்று கால் தேய்ந்தவளுக்கு முதல் வேஷம் கிடைத்ததே அந்த உருண்டைக் கன்னத்தால்தான். கடைசியில் சீழ் வைத்துவிட்டது. பல் டாக்டர்தான் தைரியம் சொன்னார்.

"அது தாடை ஓரத்துல கிடக்கிற பல்லும்மா. எடுத்தா முகம் எங்கேயும் போயிடாது. கொஞ்ச நாள் வீங்கும், வடிஞ்சிடும்."

வடியும், சரி. அதுவரைக்கும் யார் காத்திருப்பார்கள்?

கண்ணாடியைப் பார்த்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

வராந்தாவில் ஒரு புதுப்பெண். இவளுடைய பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். இடுப்புப் பக்கம் தொளதொளவென்று இருந்ததைத் தையல்காரர் ஊசி குத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

படப்பிடிப்புக் கூடத்துக்கு ஓடினாள்.

"டைரக்டர் சார்..."

"கோவிச்சுக்காதேம்மா. போன சீன்ல தட்டைக் கீழே போட்டு உடைச்சே. இன்னிக்கு அதே இடத்துல, அதே நிமிஷத்துல தொடங்கணும். அதுக்குள்ள கன்னம் எப்படி வீங்கும்? பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க? 'இவருக்குப் பதில் இவர்'னு ஒரு வரி போட்டா ஜனங்க மறந்துடுவாங்க."

"சார், ஒரு ரெண்டு நாள்..."

"இன்னிக்கு எடுத்தாத்தான் நாளைக்குப் போடலாம். நான் என்ன பண்ணட்டும்?"

அப்போது உள்ளே வந்தார் மாமியார். அதாவது மாமியார் வேஷக்காரர். 'இடி' என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிற அம்மா. பொய்யாக அறையத் தெரியாது. கை நிஜமாகவே விழும் என்று பேர்.

இவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இருந்த ஒரே ஞானத்தையும் பிடுங்கிட்டு வந்துட்டாளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டைரக்டரே, தட்டை உடைச்சவளை நான் சும்மா விடலாமா? இன்னிக்கு இவளை நான் அறைஞ்சே ஆகணும்."

"கதையில அறை இல்லையேம்மா..."

"இல்லேன்னா எழுதுங்க. பேனா இல்லையா? அறைக்கு முந்தி இவ முகம் எதுக்கு? இவ முதுகைக் காட்டுங்க, என் முகத்தை நல்லாக் காட்டுங்க. இவ வசனத்தை மொத்தமா வெட்டுங்க. அறைஞ்ச அறையில வாயடைச்சு நிக்கணும்."

"புதுப்பெண் தயாரா இருக்கா. அவளை..."

"முன்னே பின்னே தெரியாதவளை அறைய எனக்குக் கை வராது. இவதான் வேணும். இல்லேன்னா இப்பவே என் காரைக் கூப்பிடுங்க."

பாவி! கீழே விழுந்தவளை மிதிக்கத் தேடி வந்திருக்கிறாளே! மருமகளுக்குக் கண் நிறைந்தது. வேலை போகிற நாளில் அடியும் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

மேக்கப்காரர் காதோரம் கிசுகிசுத்தார். "தையல் போட்டிருக்காங்களாம்மா?"

தலையாட்டினாள்.

"கடவுளே! அந்தக் கை பட்டா பிரிஞ்சிடும்."

காமெரா அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. மாமியார் வசனம் பேசப் பேச, இவள் நாக்கு தானாகத் தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஓடிவிடலாமா? வலது கை உயர்ந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

காற்றுதான் வந்தது.

கண்ணைத் திறந்தால், அந்தக் கை கன்னத்துக்கு ஒரு விரல் தள்ளி நின்றுகொண்டிருந்தது. பயத்தில் தேங்கியிருந்த கண்ணீர் அப்போதுதான் கொட்டியது. காமெரா சுற்றி வந்து அவள் முகத்தை நெருங்கியது.

"கட்! அடடா!" டைரக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அறைஞ்ச இடம் எப்படி வீங்கியிருக்கு பாருங்க! எந்த மேக்கப்ல இது வரும்? நான் அப்பவே நினைச்சேன்யா. அந்தப் புதுப்பெண்ணை அனுப்பிடுங்க."

வராந்தாவில் பச்சை உடுப்பிலிருந்து ஊசிகளை உருவ ஆரம்பித்தார்கள். அப்போதுதான் இவளுக்கு மூச்சே வந்தது. ஏதோ நல்ல நேரம், இன்றைக்குத் தப்பித்தோம். நாளைக்கு?

மாமியார் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார்.

"ஏய்."

"என்னம்மா?"

"வீக்கம் வடிய எத்தனை நாள் ஆகும்னு சொன்னார் உன் டாக்டர்?" அந்தக் குரல் இத்தனை தணிந்து அவள் கேட்டதே இல்லை.

"ஒரு... ஒரு வாரம்மா."

மாமியார் சட்டென்று எழுந்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கூடம் அதிரக் கத்தினார்:

"டைரக்டரே! ஒரு வாரத்துக்கு என் கோபம் அடங்காது. தினம் ஒரு அறை எழுதிக்குங்க!"