பாதிக் காபிக்கு ஒரு துணை

"தாரணி மேடம், ஒரு காபியை ரெண்டாப் பிரிச்சு பை-டூ போட்டுட்டு வந்துடலாமா?"

தாரணி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பல்லை மட்டும் கடித்துக்கொண்டாள்.

"பத்து மணிக்குத்தானே சார் போனோம்?"

"அது பத்து மணிக் காபி. இப்போ பதினொண்ணு ஆயிடுச்சே!" அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் ரெமிஜியஸ் அசையாமல் நின்றார். "முழு காபி என் வயிறு தாங்காதும்மா. பாதியை வாங்கிக்க ஒரு ஆள் வேணும்."

தொம்மலூரின் அந்த மென்பொருள் அலுவலகத்தில் நூறு பேர் இருந்தும், ஐம்பத்தாறு வயது ரெமிஜியஸின் பாதிக் காபிக்குப் பக்கத்து இருக்கைத் தாரணிதான் அகப்பட்டாள். லிஃப்டும் அவருக்கு ஆகாது, மூச்சு முட்டுமாம். ஆகவே மூன்று மாடி இறங்கி, தெருமுனைக் கடைவரை நடந்து, மறுபடியும் மூன்று மாடி ஏற வேண்டும். கோயிலைச் சுற்றுவதுபோல் நாள்தோறும் ஐந்தாறு வலம்.

கடையில் அவள் கைபேசியைப் பார்த்தபடியே இரண்டு மடக்கில் குடித்து முடித்துவிடுவாள். அவரோ கிளாஸைக் கையில் வைத்து ஊதிக்கொண்டே நிற்பார்.

"நீங்க முன்னால போங்கம்மா. நான் மெல்ல வர்றேன்."

அவளுக்கு உள்ளே கொதிக்கும். கையிலிருக்கும் வேலை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தால்தான் குழுத்தலைவி பதவி. இந்த மனிதருக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது!

அலுவலகத்தில் ஒருவரிடமும் அவள் சொல்லாத கவலை வேறொன்றும் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் அவளுடைய இடது காலில் ரத்தம் உறைந்து கட்டிவிட்டது. ஊரில் விசேஷம் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவமனையில் படுத்திருந்தாள்.

"ஒரே இடத்துல மணிக்கணக்கா உட்காராதீங்க," என்றார் டாக்டர். "மணிக்கு ஒரு தரமாவது எழுந்து நடங்க. கெண்டைக்கால் அசைஞ்சாத்தான் ரத்தம் மேல ஏறும். மறுபடியும் கட்டி, அது நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

காலில் கோளாறு என்று தெரிந்தால் பதவி கைநழுவிப் போகும் என்று அவளுக்குப் பயம். மணிக்கொரு தரம் 'எழுந்து நட' என்று ஒளிரும்படி கைபேசியில் அலாரம் வைத்தாள். மூன்றாம் நாளே, பக்கத்து இருக்கையின் பார்வை அதன்மேல் விழுவதைக் கண்டு நிறுத்திவிட்டாள். இறைவன் திருவடியை நொடிப்பொழுதும் மறவாத அடியார்கள் உண்டு. தாரணிக்குத் தன் கால்களை நினைத்துப் பார்க்கவே நேரமில்லை.

அன்று மூன்றாவது பை-டூவுக்கு அழைப்பு வந்ததும் அவளுடைய பொறுமை அறுந்தது. நேரே மேலாளர் சீனிவாசராகவனின் அறைக்குள் நுழைந்து கொட்டித் தீர்த்தாள்.

ரெமிஜியஸ் வரவழைக்கப்பட்டார்.

"ஏன் சார், ஒரு காபியைத் தனியாக் குடிக்க வராதா உங்களுக்கு? அந்தப் பொண்ணை வேலை செய்ய விடாம அப்படி என்ன தொந்தரவு?"

ரெமிஜியஸ் தாரணியை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"கெட்ட பழக்கம் சார். துணையில்லாம உள்ளே இறங்காது."

"நாளையிலிருந்து உங்க சீட் கீழ்த்தளத்துல. மூணாவது மாடிப் பக்கமே வரக் கூடாது."

"சரி சார்."

விட்டது சனியன் என்று தாரணி இருக்கைக்குத் திரும்பினாள்.

மறுநாள் அப்படி ஓர் அமைதி! காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவள் எழவேயில்லை. இடையிடையே தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்புதான் உயிரை வாங்கியது. பத்து மணிக்கு ஒருமுறை, வெட்டினாள். பதினொன்றுக்கு, வெட்டினாள். பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் அதே எண். எந்த விளம்பரக் கம்பெனியோ, வேறு வேலையே இல்லை! மதியச் சாப்பாட்டையும் இருந்த இடத்திலேயே முடித்தாள்.

இரண்டு மணிக்கு எழுந்தபோது இடது கால் அவளுடையதாகவே இல்லை. கெண்டைக்கால் கட்டைபோல் விறைத்திருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் எல்லாம் இப்படித்தான் தொடங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி. மாடிப்படியில் இறங்க இறங்கத்தான் கால் சற்று இளகியது. போன உயிரும் திரும்பி வந்தது. பழகிய கால்கள் அவளைத் தெருமுனைக் கடையில் கொண்டுபோய் நிறுத்தின.

"ஒரு காபி."

"முழுசாவா மேடம்? பை-டூ இல்லையா?"

"அவர் இனிமே வரமாட்டார். தனியா ஒரு காபி குடிக்கத் தெரியாத மனுஷன்!"

கடைக்காரர் குரு பால் பாத்திரத்தை 'டங்'கென்று வைத்தார்.

"யாரு, ரெமிஜியஸ் சாரா? அவர் காபியே குடிக்க மாட்டாரே மேடம். வயித்துல புண்ணு. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் கிளாஸை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துடுவார். முட்டிவலி வேற. கொஞ்சம் உட்கார்ந்துட்டு, லிஃப்ட்லதான் மேல போவார்."

தாரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து சாயந்தரம் வந்தார். 'இனிமே நான் மேல போக முடியாது குரு. மணிக்கொரு தரம் நீயே போன் பண்ணி, காபி ரெடின்னு சொல்லி மேடத்தை இறங்கி வரவை. ஏன்னு என்னையும் கேக்காதே, அவங்களையும் கேக்காதே'ன்னு உங்க நம்பரை எழுதிக் கொடுத்துட்டுப் போனார்."

கடைக்காரர் தம்முடைய கைபேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"காலையிலிருந்து நாலு தடவை அடிச்சேன். நாலு தடவையும் கட் பண்ணினா என்ன மேடம் அர்த்தம்? நாலு காபியும் ஆறிப்போச்சு!"