இடது கால் விட்டுப்போன குறிப்பு

சித்தாள் பூவாத்தாள் அந்த மாதத்தில் மூன்றாம் முறையாகச் சாரப்பலகையில் தடுமாறி விழுந்தாள். இன்னொரு முறை விழுந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மடங்கியது அவளுடைய செயற்கை இடது கால்.

செயற்கைக் கால்களைப் பழுது பார்க்கும் நசீமா அதைக் கணினியோடு இணைத்துப் பார்த்தாள். அந்தக் கால் தன் கேமராவால் எதிரே இருப்பதைப் பார்த்து, ஒவ்வோர் அடிக்கும் அந்த நொடியிலேயே புதிதாக நிரல் எழுதிக்கொள்ளும்; பாதம் பதிந்ததும் அழித்துவிடும். அதனால் திரையில் வெறும் எண்கள்தான் ஓடின. நசீமா விடவில்லை. ஒவ்வொரு நிரலும் தான் எதற்காகப் பிறந்தது என்று ஒரு குறிப்பை விட்டுப்போகும்படி செய்தாள். அதை வாசிக்க, நிரலில் பிழை தேடும் தன் பிழைத்திருத்தி மென்பொருளுக்கும் கற்றுக்கொடுத்தாள்.

மறுநாள் கட்டடத்துக்கே வந்து, பூவாத்தாளை வெறுங்கையோடு சாரத்தில் நடக்கவிட்டாள். எதிரே மேஸ்திரி வந்தார். முழங்கால் மடங்கியது, பூவாத்தாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். திரையில் குறிப்பு வந்தது: ‘மேஸ்திரி வருகிறார். குனிந்து ஒதுங்கும் அடி.’

“அக்கா, அவரைப் பார்த்தா நீங்க குனிவீங்களா?”

“குனியாம? பதினெட்டு வருசமா அப்படித்தானுங்க அம்மணி. அதையுமா இது கத்துக்கிச்சு?”

“நீங்க நடக்கறதைப் பார்த்துத்தானே கத்துக்குது.”

“எம் மவனைவிடச் சூட்டிகையாத்தான் இருக்குது.”

“அந்தப் பாடத்தை அழிச்சிரட்டுங்களா?”

பூவாத்தாள் மேஸ்திரி போன பக்கம் பார்த்தாள்.

“அழிச்சிருங்க. வலது காலுக்கு நானே சொல்லிக்கறேன்.”