அஞ்சாவது ஆள்

"உன்னை விட்டா ஆளில்ல எழிலு. நீ வந்தாத்தான் டீமே," என்றார் பாஸ்கெட்பால் கோச் நெடுமாறன், குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றபடி. தோற்றுக்கொண்டே வந்த அணியில் ஒருத்திக்குக் கல்யாணம். இன்னொருத்தி வெளியூர் காலேஜுக்குப் போய்விட்டாள்.

அம்மா தனம் குறுக்கே வந்தாள். "முட்டி ஜவ்வு கிழிஞ்ச பொண்ணு சார். மறுபடி விழுந்து வெச்சா?"

"டாக்டரே ஆடலாம்னுட்டாரும்மா. இன்னிக்கு விட்டா என் இடம் போயிடும்," என்று ஷூவைத் தேடினாள் எழில்மதி.

மேட்ச் தொடங்கியது. நடுவில் மேலே போன பந்தை எழில் எம்பித் தன் பக்கம் தட்டிவிட்டாள். முட்டி வலிக்கவே இல்லை. கேலரியில் தனம் கை தட்டினாள்.

பந்து வெளியே போனதும் கோச் கூப்பிட்டார். "கால் வலிக்குதுன்னு ரெஃப்ரிகிட்ட சொல்லிட்டு வந்து உட்காரு."

"வலிக்கலையே சார்! நான் வந்துட்டா நாலு பேர்தானே?"

"ஆரம்பிக்கத்தான் அஞ்சு பேர் வேணும். அப்புறம் நாலே போதும். நீ நின்னா, பழைய ஞாபகத்துல உனக்கே பாஸ் போட்டுகினு இருப்பாளுங்க. முன்ன மாதிரி உன்னால ஓட முடியாது."

பாவம், எழில் சொன்னபடியே நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள். தனம் ஓடிவந்து முட்டியைப் பிடித்தாள்.

"அப்பவே சொன்னேனே கண்ணு! ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குதும்மா."