கால் குறைத்ததும் கால் கூட்டியதும்

ஐப்பசி மாரி இலங்கையின் மடுல்சீமை மலைகளின்மேல் தவம் போல் அமர்ந்திருக்கிறது. நண்பகலுக்கும் வெயிலின் நினைவில்லை. கப்பலரிசி வாராத காலத்தில் காற்பங்கு குறைத்த மாத அரிசியை, தேயிலைத் தோட்டத்துக் கிடங்கு வாசலில் இன்று காற்பங்கு கூட்டி அளக்கிறார்கள். ஒன்றை லாபமென்று சொல்லி, "லாபம், ரெண்டு, மூணு" எனக் கொத்துப் படியால் அளக்கத் தொடங்கிய கணக்கப்பிள்ளை, பதினைந்தாம் கொத்தில் கையை நிறுத்துகிறார். வரிசையின் முன்னால் தோட்டத் தொழிலாளி இராக்கம்மா சாக்கின் வாயை மூடாமலே நிற்கிறாள்.

"பழையபடி பதினாறு வரணும் சாமி."

"கால் கொறைச்சோம், கால் கூட்டியாச்சு. சரியாப் போச்சுல்ல? நகரு."

"பதினாறுல கால் நாலு, அதைப் புடுங்குனீங்க. மிச்சம் பன்னெண்டு. அதுல கால் மூணுதானே குடுத்தீங்க? எம்மக கஞ்சியில ஒரு கொத்து எங்கங்க போச்சு?"

"ஐயாவுக்கு எண்ண வெரலு பத்தலையோ!" என்கிறாள் வரிசையில் ஒருத்தி. சிரிப்பு மழையொலியை மீறி எழுகிறது.

"அளந்தாத்தான் நகருவேன்" என்கிறாள் இராக்கம்மா.

கணக்கப்பிள்ளையின் விரல்கள் மடங்குகின்றன, விரிகின்றன, மீண்டும் மடங்குகின்றன. முகம் சிறுக்கிறது. பதினாறாம் கொத்து சாக்கில் சொரிகிறது.

அதில் ஒரு பிடி எடுத்து, மாரியம்மனுக்கென்று முந்தானையில் முடிந்து, இராக்கம்மா கண்மூடிக் கைகூப்புகிறாள்.

"அளந்த கை நல்லா இருக்கட்டும் தாயே. பின்னால நிக்கிறவுகளுக்கும் பதினாறே அளக்கட்டும்."