மணநாளின் மனம்

சன்னல் வழியே விழும் மாலை வெயில், மேசையில் விரிந்துள்ள திருச்சபைச் சட்டநூலின் மேல் சாய்ந்து கிடக்கிறது. முப்பது ஆண்டுகள் அச்சட்டத்தைக் கற்பித்த குருவானவர், தம் தங்கையின் திருமணம் செல்லாது என அறிவிக்கக் கோரும் மனுவை எழுத அமர்ந்திருக்கிறார். கணவன் முறித்த அவளது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருக்கிறது. சட்டமோ பிற்காலத்து அடி உதையைக் கேட்பதே இல்லை; மணநாளன்று இருந்த மனத்தை மட்டுமே கேட்கிறது. “அன்னைக்கு உனக்கு முழுச் சம்மதமா?” என்று எதிரே அமர்ந்திருக்கும் தங்கையிடம் கேட்கிறார். “என்னண்ணா கேள்வி? நீதானே நடத்தி வச்சே! பல்லெல்லாம் தெரியச் சிரிச்சேனே, பார்க்கலையா?” அவர் பேனாவைத் தாளின் மேல் வைத்துவிடுகிறார். சம்மதமில்லை என்ற ஒரு பொய் அவளை விடுவித்துவிடும். அதைச் சொல்லித்தர அவருக்கு நா எழவில்லை. “உள்ளதைத்தான் சொல்லிட்டேனே, எழுதுண்ணா,” என்று அவள் நம்பிக்கையோடு நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.